ஜனவரி 17-ஐ விட்டுவிடலாம்

செகெட்
அக்டோபர் 9, 1983

அண்ணா,

இரண்டு வருஷமாக உனக்கு எழுதவில்லை. இப்போதும் நானாக எழுதவில்லை, வானொலிக்காரர்கள் எழுதவைக்கிறார்கள்.

ஹர்மாத் மாமா இயற்றிய ‘நாட்கள்’ முழுவதையும் டிசம்பரில் புடாபெஸ்டில் பதிவு செய்யப்போகிறேன். இருபது உருப்படிகளையும் ஒரே ஆள் பியானோவில் வாசித்து இசைத்தட்டாக வருவது இதுதான் முதல் தடவை. உறைக்குள் வைக்க ஒரு கட்டுரை வேண்டும், அதை நீதான் எழுதவேண்டுமாம். “வேற யாராச்சும் எழுதினா ஆகாதா?” என்று அந்தத் தயாரிப்பாளர் அம்மாளிடம் கேட்டேன். சிரித்துவிட்டாள். “ஹர்மாத் செத்துப்போனப்புறம் அந்தத் தாள்களையெல்லாம் தேடி எடுத்து அச்சுல கொண்டுவந்தவரே உங்க அண்ணன்தானேம்மா. அவர விட்டுட்டு நான் யார்கிட்ட போய் நிக்கட்டும்?” என்றாள். சரி என்றேன்.

ஆகவே கேட்கிறேன். எழுதிக் கொடு. என் வாசிப்பைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். அதைத்தான் ஏற்கெனவே எழுதிவிட்டாயே. “சுரங்களுக்கு நடுவே இசையமைப்பாளர் வைக்காத கனிவை இவர் கொண்டுவந்து கொட்டுகிறார், இது வாசிப்பு அல்ல, தாலாட்டு.” பத்திரிகையில், என் முழுப் பெயரைப் போட்டு. கூடப் பிறந்தவளை இப்படி எழுதுகிறோமே என்று உனக்குக் கை கூசவில்லை. எனக்கு அடுத்த நாள் வகுப்புக்குப் போகக் கால் கூசியது. பிள்ளைகள் எல்லாரும் படித்திருந்தார்கள்.

இன்னொரு கேள்வி, தொழில் சம்பந்தமானது. உன் பதிப்பில் முதல் உருப்படிக்குக் கீழே ‘இதை விட்டுவிடலாம்’ என்று குறிப்புப் போட்டிருக்கிறாய். அதனால் நாட்டில் ஒருவரும் அதை வாசிப்பதில்லை. நானும் வாசித்ததில்லை. பதிவு செய்யவா, வேண்டாமா?

கிங்கா


புடாபெஸ்ட்
அக்டோபர் 16, 1983

கிங்கா,

கட்டுரை தயாராக இருக்கிறது. புதிதாக எழுத ஒன்றுமில்லை, என் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தைச் சுருக்கிக் கொடுத்தால் போதும். நீ எழுதியதில் ஒரு திருத்தம்: நான் தாள்களைத் தேடி எடுக்கவில்லை. அவை பியானோ முக்காலியின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டிக்குள் ஒரே உறையில் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் மாதமும் தேதியும் உண்டு, வருஷம் கிடையாது. வரிசையும் கிடையாது. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை அடுக்கியது நான்.

அடுக்கிய உடனே எல்லாம் விளங்கிவிட்டது. அவர் மனைவி போர்பாலா 1961 இலையுதிர் காலத்தில் இறந்தாள். இது அதற்கடுத்த வருஷத்தின் நாட்குறிப்பு. மனைவியை இழந்த ஒருவன் மறுபடி பேசக் கற்றுக்கொள்கிறான். ஜனவரி 17 அந்தத் திக்கல்: ஒரு மெட்டு ஆரம்பிக்கிறது, உடைகிறது, மறுபடி ஆரம்பிக்கிறது, மறுபடி உடைகிறது. ஏழு தடவை. அந்தக் குளிரில் மனிதனுக்கு வாய் எழவில்லை. அனுபவமாக உண்மை, இசையாகத் தோல்வி. மே மாதத்தில் கொஞ்சம் வெயில். நவம்பர் 11 சவ ஊர்வலம். டிசம்பர் 4 பனி உறைந்த அமைதி. இதை நீ புரிந்துகொண்டால்தான் உன்னால் வாசிக்க முடியும்.

ஜனவரி 17-ஐ விட்டுவிடு. பலவீனமான கதவு வழியாக யாரும் வீட்டுக்குள் போகவேண்டியதில்லை.

விமர்சனத்தை நான் திரும்பப் பெறப்போவதில்லை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. உன் பெயரை மட்டும் சுருக்கி எழுதியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

ஆண்டல்


செகெட்
நவம்பர் 12, 1983

அண்ணா,

உட்கார்ந்து படி. கையில் காபி இருந்தால் கீழே வை.

நேற்று நவம்பர் 11. கீழ்வீட்டுக்காரர் ஒரு தட்டில் வாத்துக்காலும் முட்டைக்கோஸும், ஒரு குப்பியில் புது ஒயினும் கொண்டுவந்தார். “மார்ட்டன் நாள்ல வாத்து சாப்பிடலேன்னா வருஷம் பூரா பட்டினிதான், எடுத்துக்கோங்க டீச்சர்” என்றார். நான் பியானோவில் அந்தச் சமயம் உன்னுடைய சவ ஊர்வலத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தட்டை வாங்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். எதிரே தாளில் ‘நவம்பர் 11’. பக்கத்தில் வாத்து. மார்ட்டன் நாள்.

மாமா குடியிருந்த கட்டடத்துக் காவல்காரர் பெயர் என்ன, ஞாபகம் இருக்கிறதா? மார்ட்டன். ஒரு கால் ஊனம். மூன்றாம் மாடிக்கு நிலக்கரி வாளி தூக்கிக்கொண்டு ஏறுவார். ஒரு அடி கனமாக விழும், அடுத்த அடி கொஞ்சம் தாமதமாக இழுத்துக்கொண்டு வரும். இப்போது தாளைப் பார். இடது கையில் கனமான ஒரு சுரக்கூட்டு, பிறகு கொஞ்சம் பிந்தி லேசான ஒன்று, எட்டு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறது. மேலே வலது கையில் ஒரு சின்னக் கிணுகிணுப்பு, வாளியின் பிடி. உன் சவ ஊர்வலத்தில் யாரும் சாகவில்லை அண்ணா, நிலக்கரி ஏறுகிறது.

உடனே சமையலறைக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். அதில் தேதிக்குத் தேதி ஒரு பெயர் அச்சடித்திருக்கிறதே, அந்தப் பெயருள்ளவருக்கு அன்று பெயர் நாள் வாழ்த்துச் சொல்வோமே, குழந்தைக்குக்கூடத் தெரியும், நமக்குத்தான் தோன்றவில்லை. மே 15, ஷோஃபியா: அவர் மகள். குதித்துக் குதித்து மாடிப்படி இறங்கும் மெட்டு. டிசம்பர் 4, போர்பாலா: அத்தை. அது பனியும் இல்லை ஒன்றும் இல்லை, அத்தை கண்ணாடிக் கிண்ணங்களைத் துடைத்து அடுக்கும் சத்தம். உயரத்தில் ஒவ்வொன்றாக, ஜாக்கிரதையாக. நவம்பர் 19, எலிசபெத்: அவருடைய அம்மா.

ஜூலை 24-க்கு நேரே என்ன போட்டிருக்கிறது தெரியுமா? கிங்கா. நான்தான். உன் புத்தகத்தில் அதை ‘நடுக்கோடையின் வெறுமை’ என்கிறாய். அதில் இடது கை தாளத்தில் சரியாக வந்துவிடுகிறது, வலது கை ஒவ்வொரு தடவையும் அரைத் தட்டு தாமதமாக ஓடிவந்து சேருகிறது. நான் உள்ளே நுழையும்போதெல்லாம் மாமா சொல்வாரே: “கிங்கா வந்துட்டா. அப்ப மணி எட்டில்ல, எட்டே கால்.” இருபது வருஷம் கழித்து என்னைக் கேலி செய்கிறார் மனுஷன். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு வாத்தைச் சாப்பிட்டேன்.

நாட்குறிப்பும் இல்லை, துக்கமும் இல்லை. ஒவ்வொருவரின் பெயர் நாளுக்கும் அவரவர் படம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறார். கொடுக்கக் கூச்சம், முக்காலிக்குள் போட்டுவிட்டார். கட்டுரையை மாற்றி எழுது.

கிங்கா


புடாபெஸ்ட்
நவம்பர் 18, 1983

கிங்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வாத்து நன்றாக இருந்திருக்கும் என்று தெரிகிறது.

காலண்டரில் எல்லாத் தேதிக்கும் ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இருபது தேதிகளைத் தொட்டாலும் இருபது பெயர் வரும், அதில் நாலைந்து நமக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். நம் நாட்டில் எலிசபெத் என்று அம்மா இல்லாதவன் யார்? நொண்டிக் கால் என்று நீ கேட்பது சவ ஊர்வலங்களில் எப்போதும் வருகிற நடைதான். கதையை முதலில் தீர்மானித்துக்கொண்டு சுரத்தைப் பிறகு கேட்பது உன் பழைய பழக்கம்.

இதெல்லாம் போகட்டும். உன் யோசனை தவறு என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. எழுத விருப்பமில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் நானும் அவரும் ஒரே காபிக்கடையில், ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அவர் கடைசியாகப் படுக்கும்வரை இருபது வருஷம். அவரைப் பற்றி முதல் கட்டுரை எழுதியவன் நான். அவரை ஒருவரும் மேடையில் ஏற்றாத காலத்தில் கச்சேரி அரங்கக்காரர்களிடம் போய்ப் பல்லைக் காட்டியவன் நான். என் பெயர் நாள் ஜூன் 13. இருபது தாள்களில் ஜூன் 13 இல்லை. ஜூனே இல்லை.

காவல்காரனுக்கு ஒன்று எழுதினார், எட்டேகாலுக்கு வருகிற உனக்கு ஒன்று எழுதினார், எனக்கு எழுதவில்லை என்று நான் நம்பவேண்டுமா? நம்பமாட்டேன். ஆகவே அவை பெயர் நாட்கள் அல்ல.

கட்டுரையை ஒரு சொல்கூட மாற்றமாட்டேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

ஆண்டல்


செகெட்
நவம்பர் 24, 1983

அண்ணா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். உன்னைச் சீண்டுவதற்கு இல்லை. போன கடிதத்தைத் துள்ளிக்கொண்டு எழுதிவிட்டேன், அது உனக்கு எங்கே போய்க் குத்தும் என்று யோசிக்கவில்லை.

காலண்டரில் ஆண்டல் என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ஜூனில் பொடி எழுத்தில் ஒன்று. பெரிய எழுத்தில், எல்லாரும் வாழ்த்துச் சொல்கிற நாளாக இருப்பது மற்றொன்று. எடுத்துப் பார். ஜனவரி 17.

உனக்கு ஏன் அந்தத் தேதி கண்ணில் படவில்லை என்று எனக்குத் தெரியும். யுத்தத்தில் ஊர் முற்றுகையில் இருந்த 1945 ஜனவரியில், உன் பெயர் நாளன்றுதான், அப்பா வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார், திரும்பி வரவில்லை. எனக்கு ஐந்து வயது, நிலவறையின் வாசனை மட்டும்தான் ஞாபகம். உனக்குப் பத்து வயது, நீதான் வாசலில் நின்றாய். அதற்கப்புறம் அம்மா ஜனவரியில் உனக்கு வாழ்த்துச் சொல்லவே இல்லை. ஜூனுக்கு மாற்றிவிட்டாள். நம் வீட்டில் அந்தத் தேதியை யாரும் வாயால் சொல்வதில்லை. நானும் இன்றுதான் எழுதுகிறேன்.

மாமாவுக்கு இது எப்படித் தெரியும்? நீ அவரிடம் சொன்னாயா? யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாய். அவர் காலண்டரைப் பார்த்தார், ஆண்டல் என்று இருந்தது, உட்கார்ந்து எழுதினார். கேட்டிருந்தால் திருத்தியிருப்பாய். கேட்கவில்லை.

இருபது தாள்களையும் நீ அடுக்கியபோது எது மேலே வந்தது பார். ஜனவரி 17. அதைப் பார்த்தவுடனே உனக்குக் குளிர் அடித்தது, துக்கம் தெரிந்தது, மீதிப் பத்தொன்பதையும் அந்தத் துக்கத்தின் வழியாகவே படித்துவிட்டாய். அது போர்பாலா அத்தையின் துக்கம் இல்லை அண்ணா.

உன் படத்தைத்தான் விட்டுவிடலாம் என்று அச்சில் போட்டிருக்கிறாய். நான் விடப்போவதில்லை.

கிங்கா


புடாபெஸ்ட்
டிசம்பர் 3, 1983

கிங்கா,

இதற்குப் பதில் எழுத ஒன்பது நாள் ஆகிவிட்டது. முதல் மூன்று நாள் கோபம். பிறகு காலண்டர் பார்த்தேன். பிறகு பியானோவைத் திறந்தேன். அதன்மேல் இருந்த புத்தகங்களை இறக்கவே ஒரு மத்தியானம் போயிற்று.

வாசித்தேன், என் விரல்கள் எப்படி வாசிக்குமோ அப்படி. திக்கல் அல்ல அது. குளிர் என்று நான் எழுதிவைத்தது எதுவும் அதில் இல்லை. இடது கை ஐந்து சுரத்தில் ஒரு சாதாரண மெட்டைச் சொல்ல ஆரம்பிக்கிறது. நாலாவது சுரம் கருப்புக் கட்டை. அதைத் தொட்ட உடனே வலது கை குறுக்கே வந்து பக்கத்து வெள்ளைக் கட்டையைப் பலமாகத் தட்டுகிறது. இடது கை நின்றுவிடுகிறது. ஐந்தாவது சுரம் வருவதே இல்லை. ஏழு தடவை இதேதான். வலது கையில் எங்கும் ஒரு மெட்டு கிடையாது, அந்த ஒரு கட்டை மட்டும்தான்.

அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காபிக்கடையில் அவர் ஆரம்பிப்பார்.

“போன செவ்வாக்கெழமை டிராம்ல ஒரு பாட்டி ஏறினா...”

“புதன்கிழமை. செவ்வாய் டிராம் ஓடல.”

“சரி, புதன்கெழமை. டிராம்ல ஒரு பாட்டி ஏறினா, கையில ஒரு சேவல்...”

“டிராம்ல உயிருள்ள கோழிய ஏத்த விடமாட்டாங்க. கூடையில இருந்திருக்கும்.”

“சரிப்பா, கூடையில. ஒரு பாட்டி ஏறினா...”

அந்தப் பாட்டிக்கும் சேவலுக்கும் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கதை முடிவதற்குள் காபி முடிந்துவிட்டது. இப்படி எத்தனை கதைகள். நான் அவருக்கு உதவி செய்துகொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஆக, இருபது பேரில் என்னைப் பற்றி அவருக்குத் தோன்றியது இதுதான். மகளுக்கு மாடிப்படி, மனைவிக்குக் கண்ணாடி, காவல்காரனுக்குக்கூட ஒரு மூச்சு வாங்கும் இடம். எனக்கு ஒரு கட்டை. வலிக்கிறது, கிங்கா. ஐம்பதை நெருங்கும் வயதில் இது வலிக்கும் என்று நினைக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். அதை வாசிப்பதானால் வாசி, தடுக்கமாட்டேன். ஏழாவது தடவைக்குப் பிறகு ஒரு நீண்ட மௌனம் போட்டிருக்கிறார். அதற்கு முன்னால், வலது கை கடைசியாகத் தட்டுகிற இடத்தில், கொஞ்சம் மெதுவாகத் தட்டு. அவர் எழுதவில்லை, எனக்குத் தெரியும். நீ மற்றவர்களுக்குக் கனிவைக் கொட்டுகிறாயே, அதில் கொஞ்சம் அந்த இடத்தில் கொட்டினால் ஒரு வரிகூட எதிராக எழுதமாட்டேன்.

ஆண்டல்


செகெட்
டிசம்பர் 10, 1983

அண்ணா,

நீ கேட்டபடி வாசித்துப் பார்த்தேன். நிறையத் தடவை. சரியாக வரவில்லை. கேலிச்சித்திரத்துக்குப் பவுடர் பூசிய மாதிரி இருக்கிறது. நீ அந்த விமர்சனத்தில் சொன்னது, இந்த ஒரு இடத்துக்கு மட்டும், சரிதான். இல்லாத கனிவைக் கொட்டக்கூடாது. மற்ற இடங்களுக்கு உன்னோடு சண்டை தொடரும்.

ஆனால் நீ வலது கையையே கேட்டுக்கொண்டிருக்கிறாய். உன் படம் என்று தெரிந்ததும் கண்ணாடி பார்ப்பது மாதிரி உன்னை மட்டும் பார்க்கிறாய். இடது கை யார்? அவர்தானே. ஏழு தடவை வெட்டுப்பட்ட பிறகு ஒருவன் என்ன செய்வான்? சத்தம் கூட்டுவான், இல்லாவிட்டால் எழுந்து போவான். நான் போனேன், இரண்டு வருஷம். இடது கை போகவில்லை. ஏழு தடவையும் அதே சுரத்திலிருந்து, அதே மென்மையில் ஆரம்பிக்கிறது. அந்தக் கைக்கு ஒரு தடவைகூட ‘பலமாக’ என்று அவர் குறிக்கவில்லை. பிடிக்காத ஆளோடு யாராவது இருபது வருஷம் வியாழக்கிழமை தவறாமல் உட்காருவார்களா?

நீண்ட மௌனத்துக்கு அப்புறம் கடைசி வரி இருக்கிறது, அதைப் பற்றி நீ எழுதவில்லை. அதில் வலது கை கிடையாது. இடது கை தனியாக ஐந்து சுரத்தையும் முழுதாகச் சொல்லி முடிக்கிறது. உன் பதிப்பில் அங்கேயும் நாலாவது சுரம் கருப்புக் கட்டைதான். வாசிக்கும்போது எனக்கு அது உறுத்தியது. அத்தனை தகராறுக்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி முடிகிறதே, மாமா அப்படி முடிக்கமாட்டாரே என்று.

நேற்று ஷோஃபியா வீட்டுக்குப் போனேன். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான், நடந்தே போகலாம். “அப்பா எழுதினதா? கைய நல்லா கழுவிக்கிட்டு வா, நீ பேஸ்ட்ரி தின்ன கையோட வந்திருப்ப” என்றாள். கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

கைப்பிரதியில் அந்தக் கடைசி வரியில் நாலாவது சுரம் வெள்ளைக் கட்டை, வலது கை ஏழு தடவையும் தட்டிய அதே கட்டை. தெளிவாக, மையைக் கூட்டி எழுதியிருக்கிறார். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

உன் பதிப்பின் பின்பக்கக் குறிப்புகளைத் தேடினேன். பொடி எழுத்தில் இருக்கிறது: “கடைசி வரி, நாலாவது சுரம்: கைப்பிரதியில் கைப்பிசகு. முந்தைய ஏழு இடங்களை ஒட்டித் திருத்தப்பட்டது.”

நீ போன கடிதத்தில் எழுதியதையே எடுத்துப் படி. நீ திருத்தினாய், அவர் என்ன சொன்னார்? “சரி, புதன்கெழமை.” “சரிப்பா, கூடையில.” கடைசியில் கதையைச் சொல்லி முடிக்கும்போது உன் கட்டையை வைத்துத்தான் முடித்திருக்கிறார். அவருடைய மெட்டு, உன் சுரம். மற்ற பத்தொன்பது பேரும் எப்படி நடந்தோம், எப்படிப் படியிறங்கினோம், எப்படித் தாமதமாக வந்தோம் என்றுதான் எழுதியிருக்கிறார். எங்கள் ஒருவராலும் அவருடைய மெட்டு மாறவில்லை. உன்னால் மாறியிருக்கிறது.

அதையும் நீ திருத்திவிட்டாய். உயிரோடு இருந்தபோது ஏழு தடவை, செத்த பிறகு எட்டாவது.

பதிவு வியாழக்கிழமை காலை. நான் பதிப்பாசிரியர் இல்லை, நீதான். கருப்பா, வெள்ளையா? நீ சொல்கிறபடி வாசிக்கிறேன்.

கிங்கா


தந்தி
புடாபெஸ்ட், டிசம்பர் 13, 1983

வெள்ளை. கடைசித் தட்டை மெதுவாக்க வேண்டாம். இருபதையும் வாசி.
ஆண்டல்